போர்வைக்குள் துடித்த கை

நாள் முழுக்க மூட்டை சுமந்தவனுக்கு, சுமையை இறக்கி வைத்த பிறகு கை தானாகத் துடிக்கும். "கைக்கு உயிர் வருது, தேய்ச்சு விடு" என்பார்கள் கிடங்கில். அந்தப் பேச்சை நம்பித்தான் சின்னவன் மோசம் போனான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் அவனுடைய அக்கா புருஷன். தொண்ணூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர் என்பதால் கிடங்கில் அவருக்குப் பெயரே தொண்ணூறு. முந்தாநாள் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு குழறியது. ஆனாலும் ஆளை அடையாளம் தெரிந்தது. "மூட்டைக்குப் பயந்து நடிக்கிறீங்களா மச்சான்?" என்று சின்னவன் சீண்டியதற்கு, கோணிய வாயால் "போ...டா" என்றார்.

மறுநாள் காலை அக்கா குளித்து வர வீட்டுக்குப் போனாள். "ஏதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க" என்றார் நர்ஸ். மாற்றம் என்றால் கெட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு வலது கட்டைவிரல் அசைந்தது. பிறகு கை முழுக்க வெட்டி வெட்டித் துடித்தது. சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்தான்.

"அக்கா, கைக்கு உயிர் வந்துடுச்சு!"

"நெஜமாவாடா?"

"உன்கிட்ட பொய் சொல்வேனா?"

கையைத் தேய்த்துவிட்டான். வாயோரம் இழுத்தபோது, சிரிக்கிறார் என்று தானும் சிரித்தான். கூப்பிட்டதற்குப் பதில் வராததும், அசதியில் கண் செருகிவிட்டது என்று நினைத்து, கைக்குச் சூடு இருக்கட்டும் என்று போர்வையை இழுத்து மூடினான். நர்ஸ் எட்டிப் பார்த்து, "தூங்குறாரா?" என்றார்.

"நல்லாத் தூங்குறாரும்மா."

ஒரு மணிக்கு வந்த டாக்டரம்மாவுக்குப் போர்வையை விலக்கியதும் முகம் மாறியது.

"இது வலிப்பு. நிக்காம ஓடிக்கிட்டிருக்கு. எப்ப ஆரம்பிச்சுது?"

நர்ஸ் ஊசிக்கு ஓடினார். அக்கா அப்போதுதான் பையோடு உள்ளே வந்து நின்றாள்.

"இப்ப... இப்பதான் டாக்டர்" என்றான் சின்னவன்.

"சரியா சொல்லுங்க. நேரத்தைப் பொறுத்துதான் மருந்து."

அவன் அக்காவைப் பார்த்தான். பத்து மணிக்கே அவன் போன் செய்தது அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவனை யாரிடமும் காட்டிக்கொடுக்காதவள்.

"இல்ல டாக்டர்... பத்து மணியிலேர்ந்து. நல்லதுக்குன்னு நெனச்சு நான்தான் மூடி வச்சேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. "மூணு மணி நேரம்" என்று நர்ஸிடம் சொல்லி, இன்னொரு மருந்தையும் ஏற்றச் சொன்னார்.

சாயங்காலம் துடிப்பு அடங்கியது. இருட்டுகிற நேரத்தில் கண் திறந்தது. "மச்சான், நான்தான்" என்று சின்னவன் குனிந்தான். அந்தப் பார்வை அவன் மேல் பட்டு, நிற்காமல் சுவருக்குப் போனது.

"போகப் போகத் தெளியலாம்" என்றார் டாக்டரம்மா. "அடைப்பால வந்தது எவ்வளவு, வலிப்பால வந்தது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

வராந்தாவில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திட்டித் தொலையேன்க்கா."

"எந்த வாயால திட்டுவேன்? நீ போன் பண்ணினதும் தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன்டா. நிதானமாக் குளிச்சு, நல்ல புடவையாத் தேடி எடுத்துக் கட்டிக்கிட்டு வந்தேன்."

அப்போதுதான் அவன் அந்தப் புடவையைப் பார்த்தான்.