சுமையாவின் பெயரைக் கேட்ட நாற்பது எலிகள்

சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்பது வெள்ளை எலிகளுக்கு டெங்குக் கிருமியை ஊசியில் ஏற்றிய அன்று, கூத்தாநல்லூரில் சுமையாவுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தது. அது 2006, குறுவை அறுப்பு நேரம். பிள்ளைக்கு ஒரு வயசு. மன்னார்குடி டாக்டர் வைத்தியலிங்கம் ரத்தம் எடுத்துப் பார்த்தார், கிருமி இல்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கியது. அதே நாள் எலிகளும் எழுந்து தீனி தின்றதாக முபாரக் போனில் சொன்னபோதுதான் பிள்ளையின் தாய் நிலோஃபர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள்.

முபாரக் அவள் புருஷன். பி.காம். படித்துவிட்டு ஊரில் பாதி இளவட்டம் கப்பலும் விமானமும் ஏறிய காலத்தில் அவனும் ஏறி, அந்தக் கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலையில் நின்றான். அவள் பிரசவத்துக்கு அங்கேயே போயிருந்தாள். பிள்ளை எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தொப்புள்கொடி ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த எலிகளின் மரபணுவைத் திருத்தி, எந்த நோயையும் எதிர்க்கத் திராணியில்லாமல் பிறக்க வைத்திருந்தார்கள். சாதாரணச் சளியே அவற்றை முடித்துவிடும். மனுஷ ரத்தம் ஏறினால் மனுஷனைப் போலவே நோயோடு மல்லுக்கட்டும். மருந்து பலிக்குமா என்று அவற்றிடம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்லிப் பெயர் வைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் தகப்பனை விடவில்லை. மறுநாள் வேலைக்குப் போன முபாரக், எலிகளுக்குள் தன் பிள்ளை ரத்தம் இறங்குவதைப் பார்த்தான். மனசு தாங்கவில்லை. ஆள் போனதும் கூண்டோரம் குனிந்து சன்னமாகப் பாங்கு சொல்லி, மூன்று தரம் "சுமையா" என்றான். நாற்பதும் காதைத் தூக்கின. பிள்ளைக்கு மூன்றாம் நாள்தான் சொல்ல முடிந்தது. பின்னால் விஷயத்தைக் கேட்ட பள்ளிவாசல் ஹஜ்ரத், "நாப்பது பேரை முந்த விட்டுட்டியேப்பா," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையோடு ஊர் திரும்பியிருந்த நிலோஃபருக்கு அந்தக் காய்ச்சலிலிருந்து ஓரிடத்தில் உட்காரத் தரிக்கவில்லை. ஊசி போடும் நாளை முபாரக் முன்கூட்டியே சொல்வான், அவள் கஞ்சி வைத்துக் காத்திருப்பாள். எலிகள் சக்கரத்தில் ஓடினால் தொட்டிலில் பிள்ளையின் கால் ஓடும். இங்கே சுகாதார நிலையத்தில் தட்டம்மை ஊசி போட்டால் அங்கே நாற்பதும் நொண்டும். மூன்று வருஷத்தில் இரண்டு வாடகை வீடு மாறிப் பார்த்தாள். எந்த வீட்டிலும் நடைதான்.

2008 ஐப்பசியில் ஆராய்ச்சி முடிந்தது. முடிந்தால் எலிகளை வைத்திருப்பதில்லை. பெட்டியில் போட்டு வாயுவைத் திறந்துவிடுவார்கள். அது முபாரக்கின் வேலை.

"வேலையை விட்டுட்டு வந்துடுங்க," என்றாள் நிலோஃபர்.

"நான் வந்துட்டா இன்னொருத்தன் செய்வான். அவன் நம்ம புள்ளைய நெனச்சுப் பார்ப்பானா?"

"நீங்க நெனச்சுக்கிட்டே செய்வீங்களாக்கும்."

முபாரக் அழுதான். "செவ்வாய்க்கிழமை. உங்க நேரத்துக்கு ஏழரை. அதுங்க மூச்சு இவ மூச்சுதானே, இவ மூச்சை விட்டுறாத."

செவ்வாயன்று மழை. இட்லி தின்றுகொண்டிருந்த சுமையாவுக்கு ஏழரைக்கு உதடு நீலம் பாய்ந்தது. நிலோஃபர் பிள்ளையின் தொடையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். பிள்ளை வீறிட்டது. வீறிட்டால் மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும். சத்தம் தேயத் தேய மறுபடி கிள்ளினாள். பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி ஓடிவந்து, "புள்ளையக் கொல்றியாடி?" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாக விடாமப் பாத்துக்கிட்டிருக்கேங்க்கா. கைய விடுங்க."

அங்கே பெட்டிக்குள் நாற்பதும் சாய்ந்தன, கீச்சிட்டு எழுந்தன, மறுபடி சாய்ந்தன. முபாரக் மூன்று தரம் வாயுவைத் திறந்தான். நம்பாத அதிகாரி நாலாம் தரம் தானே திறந்தார். சிலிண்டர்தான் தீர்ந்தது. ஒன்பது மணிக்குப் போன் வந்தபோது நிலோஃபரின் விரல்கள் பிரியவில்லை. ஆனந்தவல்லி எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"போதும் புள்ள, விட்டுடு. நாப்பதும் உசுரோட இருக்கு."

பிள்ளையின் தொடை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே அவள் அன்று மத்தியானம் வரை அழுதாள். கூடத்துக்காரர்கள் விதியைத் தேடிப் பார்த்துவிட்டு, சாகாத எலிகளுக்கு விதி இல்லையென்று பின்கட்டில் ஓர் அறை ஒதுக்கினார்கள். அந்த ஜாதி எலி இரண்டு வருஷம் இருந்தாலே அதிகம். இவை பிள்ளையோடு சேர்ந்து வயசாகின்றன. 2019இல் முபாரக் ஊர் திரும்பியபோது, கூண்டுகளைத் தன்னோடு அங்கே வேலை பார்த்த சீர்காழி ரெத்தினத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

சுமையா இப்போது மன்னார்குடிக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். போன கார்த்திகையில் மழையில் நனைந்து வந்தவள், தும்மிக்கொண்டே ரெத்தினத்தைக் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்குச் சளி புடிச்சிருக்கு. அதுங்களுக்கு வைக்கோலைக் கொஞ்சம் கூடப் போட்டு விடுங்க."

ரெத்தினம் போட்டார். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு பேருக்கும் மூக்கடைப்பு விட்டது.