தாய்மீன் எண்ணெய்

அழகையா எழுந்தான். பாயைச் சுருட்டினான். ஓர் ஆளுக்கான தண்ணீரைக் கேத்தலில் ஊற்றி அடுப்பில் வைத்தான். பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவினான். மூலையிலிருந்த அரிசி டின்னைத் திறக்காமல் கதவைப் பூட்டினான். குவார்ட்டர்ஸிலிருந்து அவன் வேலை செய்யும் மீன்குஞ்சு நிலையம் கூப்பிடு தூரம். தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. வாளியில் தவிடு, புண்ணாக்கு, தேங்காயெண்ணெய் மூன்றையும் போட்டுப் பிசைந்தான். கையில் சமையலறை வாசம் வந்தது. அதுதான் அவனுக்கு ஆகவில்லை. மீன் தீனி மீன் நாற்றம் நாறவேண்டும்.

போன வருடம்வரை நாறியது. கொழும்பிலிருந்து மீனெண்ணெய் டின் வரும். புது அதிகாரி இராஜசிங்கம் வந்த பிறகு அது நின்றது. தாய்மீன் தின்னும் கொழுப்புத்தான் முட்டைக்குள் போகிறது, குஞ்சின் கண்ணும் மூளையும் அதிலிருந்துதான் உருவாகின்றன, கடல்மீன் எண்ணெயில் இருக்கும் கொழுப்பமிலம் தேங்காயெண்ணெயில் இல்லை என்று அழகையா சொல்லிப் பார்த்தான். கம்பஸில் படித்ததைத்தான் சொன்னான். "எண்ணெய் எண்ணெய்தானே ஐசே" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

இந்தத் தடவை கெண்டை முட்டைகளில் பாதி வெளுத்துப்போயின. பொரித்த குஞ்சுகளும் சரியில்லை. முதுகு வளைந்து, மேலே வர எத்தனித்து, சுழன்று சுழன்று தொட்டியின் அடியிலேயே விழுந்தன.

புஹாரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. குளத்து மீனவர் சங்கத் தலைவர் அவர். குஞ்சு ஏற்றிப்போகப் பொலித்தீன் பைகள் கொண்டு வந்திருந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? எல்லாம் எங்கட மூத்தாப்பா மாதிரி கூன் வுழுந்து ஈக்குது?"

அழகையா பதில் சொல்வதற்குள் இராஜசிங்கம் வந்துவிட்டார். "சின்னனில அப்பிடித்தான் இருக்கும். குளத்தில விட்டா நிமிரும். பையில பிடிச்சுக் குடும் அழகையா."

"நிமிராது சேர். ரெண்டு நாள்ல எல்லாம் செத்துரும்."

"அப்ப நீர் தண்ணி ஒழுங்கா மாத்தேல்லை. மனுசி போனதில இருந்து உமக்குக் கை ஓடுதில்லை. நானும் பாவமெண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறன்."

நான்கு மாதமாக அழகையாவின் உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. இப்போது காதோரம் சுட்டது. ஆஸ்பத்திரியில் மனைவி புஷ்பவதியையும் பிள்ளையையும் ஒரே துணியால் மூடிவிட்டு அந்த நர்ஸும் இப்படித்தான் அவனைப் பார்த்தாள். உடம்பில் ரத்தமே இல்லை, நீயெல்லாம் ஒரு புருஷனா என்று கேட்டாள். தாய்வீடிருந்த தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பேருக்குக் கொடுத்த சத்துமாவுப் பையைப் பற்றி அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கரப்பான் வரும் என்று சொல்லி, மகளின் தட்டிலிருந்து மீனை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்ட பேறு பார்க்க வந்திருந்த மாமி கிருஷ்ணம்மாவையும் கேட்கவில்லை.

"தாய்க்குத் திங்கக் குடுக்காம குஞ்சக் கொற சொல்றீங்களா சேர்?" குரல் உயர்ந்தது. "தண்ணி நல்ல தண்ணி. நீங்க வேணும்னா குடிச்சிப் பாருங்க. புஹாரி நானா, இதுகளக் கொண்டு போவாதீங்க. பொணத்தத்தான் சுமந்துக்கிட்டுப் போவீங்க."

"இடமாத்தல் வாங்கித் தாறன், பொறும்" என்றார் இராஜசிங்கம். அவர் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புஹாரி வெற்றுப் பைகளை மடித்தார். "கொளத்துல இந்த வருசம் ஒண்டும் இல்ல தம்பி. இருவது குடும்பம் பாத்துக்கிட்டீக்குது." மடித்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மார்க்கட்டுல சாளைத் தலையும் கொடலும் சும்மா வீசுறாங்க. அவிச்சுப் போட்டா தாய்மீன் திங்குமா?"

"திங்கும் நானா. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கொண்டாந்தா நல்லது."

மத்தியானம் குவார்ட்டர்ஸுக்கு வந்து அரிசி டின்னைத் திறந்தான். அரிசிக்குள் கைவிட்டு நெத்தலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தான். அவன்தான் மாமிக்குத் தெரியாமல் புஷ்பவதிக்கு வாங்கி வந்திருந்தான். உப்பைக் கழுவி இடித்து இன்றைய தீனியில் சேர்க்கலாம் என்று பிரித்தான். காறல் நாற்றம் அடித்தது. கொழுப்புக் கெட்டுவிட்டது. காறின கொழுப்பு முட்டைக்கு விஷம். அவன் பொட்டலத்தை எறியவில்லை. மடித்து, திரும்பவும் அரிசிக்குள் புதைத்தான்.

மகள் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே போனாள் என்று கிருஷ்ணம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் கிருஷ்ணம்மா முன் சீட்டில் இருந்தாள். சோதனைச்சாவடியில் வேனை மறித்து, ஆமிக்காரன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில், அவன் மடியில் தலை வைத்திருந்த புஷ்பவதி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். காதோடு சொன்னாள்:

"நெத்தலிய அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன். அம்மாகிட்ட காட்டிக் குடுத்துறாதீங்க. நீங்களும் தின்னுறாதீங்க. வந்து பொரிச்சிக்கிறேன்."