பதினொரு பைச் சருகு

மூன்று பைகளை வீதியோரத்துக்கு இழுத்து வைத்துவிட்டு அருள்நாயகம் நான்காவதைத் தூக்கியபோது, அவன் மனைவி தேனுகா கராஜ் வாசலுக்கு வந்து, "அதுகள் கிடக்கட்டும்" என்றாள்.

நாளையை விட்டால் இனி இரண்டு கிழமைக்குச் சருகு வண்டி வராது என்றான் அவன். சாவீட்டுக்கு வருகிற சனத்துக்குக் கார் விடவும் இடம் வேண்டும்.

அவள் வாசலை மறித்து நின்றாள். அவன் மூன்றையும் திரும்பக் கொண்டுவந்து சுவரோரம் வைத்தான். தகப்பன் கட்டிய பைகள் என்பதால் சொல்கிறாள் என்று நினைத்தான். அது மட்டுமல்ல என்பது அவனுக்குத் தெரியாது.

பதினொரு பழுப்புக் கடதாசிப் பைகள். ஒவ்வொன்றும் வாய் மடித்து, தபாற்பொதி கட்டுவதுபோலச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. நேற்று மத்தியானம் கடைசிப் பையைக் கட்டிவிட்டு உள்ளே வந்து, கை கழுவி, கதிரையில் சாய்ந்தவர்தான் அப்பா. அம்மா தேத்தண்ணீரோடு வந்து கூப்பிட்டபோது உயிர் இல்லை.

தம்பிமுத்து மட்டக்களப்புப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் தபாலதிபராக இருந்தவர். கனடாவில், மார்க்கம் நகரிலுள்ள மகள் வீட்டுக்கு வந்து நாலு வருடம். இந்த வருடம் வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. அவருடைய தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அதற்கு முன், சித்திரை முழுக்க அப்பா பஸ் ஏறி ரொறன்ரோவுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றார். நெடுஞ்சாலையை மறித்தவர்களோடும் போய் இருந்தார். மறுநாள் பக்கத்து வீட்டுக் கிளடிஸ், டீவியில் காட்டியது உங்கள் ஆட்களையா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து தேனுகாவுக்கு அந்தத் தெருவில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனியில் தம்பி செத்த செய்தி வந்தது. அப்பா அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் முற்றத்து மேப்பிள் மரம் இலை கொட்டத் தொடங்கியது. பத்து நாளைக்கு முன், மகள் வேலையால் வருவதற்குள் அப்பா சருகைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிட்டார். சருகை வேறென்ன செய்வது? தேனுகா வந்து இறங்கும்போது தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. தெருவே வெளியில் நின்றது. இங்கே எரிக்கக்கூடாது என்று தெரியாதா என்று அதிகாரி கேட்க, அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். இவருக்கு மூளை சரியில்லை, சண்டையில் தம்பி செத்ததிலிருந்து என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாது என்று, கிளடிஸுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்.

அதிகாரியின் முகம் இளகியது. எச்சரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா எடுத்த வாயை மூடிக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் தலைமைத் தபால் கந்தோருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப உந்தச் சருகை என்ன செய்யிறது, மகள்?"

பையில் கட்டி வெளியே வைக்க வேண்டும் என்று அவர் முகத்தைப் பாராமல் சொன்னாள். நாளைக்குக் கதைப்பம், நாளைக்குக் கதைப்பம் என்று பத்து நாள் போயிற்று.

பின்னேரம் வீடு நிறைந்தது. செற்றிகளை ஒதுக்கி நிலத்தில் வெள்ளை விரித்திருந்தார்கள். கிளடிஸ் ஒரு பூச்சாடியோடு வந்து, மற்றவர்களைப் பார்த்து, முழங்கால் நோவோடு தானும் அம்மாவின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, புத்தி பேதலித்த மனிதரை எவ்வளவு அன்பாக வைத்துப் பார்த்தீர்கள் என்றாள். கடைசியில் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, அது ஒரு ஆறுதல் என்றாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். "என்னவாம்?"

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. அப்பா நல்ல மனுசன் என்று சொல்கிறா என்று தேனுகா சொன்னால் அதோடு முடிந்துவிடும்.

"அப்பாக்கு விசர் எண்டு நினைச்சிருக்கிறா" என்றாள். "நான்தான் அப்பிடிச் சொன்னனான். அண்டைக்கு, பயர்காரருக்கு முன்னால. அப்பாவும் கேட்டுக்கொண்டு நிண்டவர்."

பிறகு கிளடிஸின் பக்கம் திரும்பி, அவருக்கு மூளையில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை, நான் பொய் சொன்னேன் என்று ஆங்கிலத்திலும் சொன்னாள். பக்கத்தில் இருந்த பெண்கள் கதையை நிறுத்தியிருந்தார்கள். சொன்ன பிறகும் மனம் லேசாகவில்லை.

அம்மா கிளடிஸின் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"அதுதானோ" என்றாள் பிறகு. "ரெண்டு மூண்டு தரம் என்னட்டைக் கேட்டவர். ரஞ்சிதம், நான் ஏதும் மாறிக் கதைக்கிறனானோ எண்டு."

கிளடிஸ் எழும்பினாள். தேனுகா அவளோடு வாசல்வரை போனாள். அங்கே நாற்பது, ஐம்பது சோடிச் சப்பாத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கிளடிஸ் மேஸ் போட்ட காலோடு தயங்கி நிற்க, தேனுகா நிலத்தில் குந்தி ஒவ்வொன்றாக விலக்கித் தேடினாள். கண்டெடுத்த இரண்டையும் கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தாள். கிளடிஸ் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போன பிறகும் அவள் நிமிரவில்லை. மற்றச் சப்பாத்துகளையும் எடுத்து, சோடி பார்த்து, சுவரோரம் அடுக்கத் தொடங்கினாள்.