வெண்டைக்காய் வைத்தியன்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வெண்டைக்காயைப் பற்றி என்னைவிட அதிகம் பேசியவன் கிடையாது. பேசிய அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எழுபத்துநான்காம் வருஷம் தை மாதம்தான் தெரிந்தது.

அதற்கு முந்தின ஐப்பசியில் எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லி ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அரை ஏக்கர் வெண்டைக்காய் போட்டிருக்கிறவன் காசு கொடுத்து மாத்திரை தின்பதா? ராத்திரி இரண்டு பிஞ்சைக் கீறித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் அந்தக் கொழகொழப்பைக் குடித்தேன். மதியம் பொரியல், ராத்திரி குழம்பு. மலச்சிக்கல் போனது, பொய் சொல்லக் கூடாது. வயிறு சரியானதும் உடம்பே சரியாகிவிட்டதாக நினைக்கிற புத்தி எனக்கு. மொய்தீன் டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வைத்தியம் சொன்னேன்.

என் மனைவி மருதாத்தாளுக்கு அந்தத் தண்ணீரைக் கண்டாலே குமட்டும். அவள் பச்சைத் தண்ணீர்தான் குடித்தாள், சொம்பு சொம்பாக. காலில் முள் குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை. களையெடுக்க வந்தால் பாதியிலேயே வரப்பில் உட்கார்ந்துவிடுவாள்.

“கால் நோவுதுங்க.”

“உடம்பு வளைய மாட்டேங்குதுன்னு சொல்லு,” என்று திட்டினேன்.

மூன்று மாதம் போனது. அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நஞ்சப்பன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என்னை மடக்கினார். “திங்கக்கிழமை மூத்திரம் கொண்டாங்க. மருந்து ஊத்திக் காய்ச்சறப்ப நீலமாவே நின்னா சர்க்கரை இல்லை. நானும் நாளைக்கே வெண்டைக்காய்த் தண்ணி குடிக்கறேன்.”

“அதுக்கென்னங்க, கொண்டாறேன்,” என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் குப்பியை எடுத்தேன். நீலமாக நிற்காவிட்டால் எந்த முகத்தோடு அந்த டீக்கடைக்குப் போவது? குப்பியை மருதாத்தாளிடம் நீட்டினேன்.

“ஏனுங்க, எனக்கெதுக்கு?”

“ஊட்டுல எல்லாத்துதும் கேக்கறாங்க,” என்று புளுகினேன். இனிப்பே தொடாதவள். அவளுடையது நீலமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் டீக்கடைக் கூட்டம் பாதி நின்றது. நஞ்சப்பன் கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, குப்பியிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

“முத்திப்போச்சுங்க. இனி மாத்திரை கேக்காது, ஊசிதான்,” என்றார் நஞ்சப்பன். வராந்தாவில் சிரித்தார்கள்.

எனக்கு மருதாத்தாளின் சொம்பும் புண்ணும் அவள் உட்கார்ந்த வரப்பும்தான் கண்முன் வந்தன. தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் வெண்டைக்காய் தோற்றதோடு போயிருக்கும். அவள் கால்?

“அது என்னுதில்லைங்க,” என்றேன். “என்ற பொண்டாட்டியுது. என்னுதுக்குப் பயந்துட்டு அவளுதக் கொண்டாந்துட்டேன்.”

அதன்பிறகு எழுந்த சிரிப்பை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

மத்தியானமே அவளை வண்டி கட்டிக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவளுக்கு ஊசி போட்டார்கள். என்னுடையதையும் வாங்கிக் காய்ச்சினார்கள்; அதே செங்கல் நிறம்தான்.

திரும்பும்போது மருதாத்தாள் கேட்டாள்: “எதுக்குங்க என்னுதக் குடுத்தீங்க?”

“உன்னுது சுத்தமா இருக்கும்னு நம்பினேன்.”

அவள் கட்டுப் போட்ட காலை வண்டியில் நீட்டி வைத்தாள். “அப்ப மூணு மாசம் குடிச்ச வெண்டைக்காய நீங்க நம்பலை. கால் நோவுதுன்னு சொன்ன என்னையும் நம்பலை. வேற எதைத்தானுங்க நம்புனீங்க?”

என் வாயைத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மாட்டை ஓட்டினேன்.