அருவியில் அடைப்பு

சீசன் முடிந்து போனால் மலையில் இருக்கிற சின்ன அருவிகளில் கூட்டமே இருக்காது என்றார் என் வீட்டுக்காரர். கூட்டமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆற்றோரமாகவே மேடேறி, கால் கடுக்க நடந்து போய்ப் பார்த்தால், பாறையில் நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

"இதுக்குத்தான் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தீங்களா?" என்று கத்திவிட்டு, பாறைக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அவர் பிளம்பர். லீவு நாளில் வேலைப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். மனுஷன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த நூலையே முறைத்தார்.

"ஆத்துல தண்ணி இருக்கே. இந்தப் பக்கம் பிரியுற கிளையிலதான் மேல எங்கயோ அடைச்சிருக்கு" என்று முணுமுணுத்தபடி பாறையைப் பிடித்து ஏறிப் போய்விட்டார்.

மேலே குச்சி முறியும் சத்தம் கேட்டது. ஈரச் சருகு கொத்துக் கொத்தாக வந்து விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மொத்த ஆறும் என் தலையில் இறங்கியது. சாப்பாடு பொட்டலத்தோடு மிதந்து போனது.

அப்போது மேலேயிருந்து, ஊரார் வீட்டு மொட்டை மாடிகளில் நின்று கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"இப்ப தண்ணி வருதாம்மா?"