கழுவிய கற்கள்

கற்கள் எத்தனை என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஏழு என்றுதான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன், ஒன்பதாகவும் இருக்கலாம். அது சனிக்கிழமைதானா என்பதிலும் உறுதியில்லை. அக்கா வெந்நீர் வைத்ததிலும் பிரஷை எடுத்ததிலும் மட்டும் சந்தேகமே கிடையாது. யாரும் கேட்காமலே அவளே பலமுறை சொன்னது அது.

அக்கா என்றுதான் தெருவில் எல்லாரும் அவளைக் கூப்பிடுவோம். அவளுக்கு மருத்துவமனையில் துப்புரவு வேலை. இருபது வருடமாக அறுவை அறைகள் அவள் பொறுப்பு. அவள் துடைத்த தரையில் இலை போடாமலே சாப்பிடலாம் என்பார்கள் நர்சுகள். அவளுடைய தம்பி கப்பலில், எஞ்சின் அறையில் இருந்தவன். நீராவிக் குழாய் வெடித்து இரண்டு கைகளும் வெந்துபோய் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். புண் ஒருவழியாக ஆறியது. விரல்கள்தான் மடங்கியபடியே இறுகிவிட்டன. தினமும் நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் எச்சரித்தாள். அவன் தலையாட்டினான். ஒன்றும் செய்யவில்லை. காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மாலைவரை அதே சுவர்.

ஒருநாள் அவனாகவே கேட்டான்: "அக்கா, கடல்மீன் தொட்டி ஒண்ணு வைக்கலாமா?"

ஆறு மாதத்தில் அவன் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். யானையைக் கேட்டிருந்தாலும் வாசலில் கொண்டுவந்து கட்டியிருப்பாள்.

கையில் இருந்ததோ சொற்பம். மூடப்போகிற சலூன் ஒன்றிலிருந்து ஓரத்தில் கீறல் விழுந்த கண்ணாடித் தொட்டி வந்தது. அதை வைக்க மேசை வாங்கக் கட்டுப்படியாகாமல், பஸ் ஓட்டும் அவள் கணவர் பழைய அலமாரியைப் படுக்கப்போட்டு, அடியில் கட்டை கொடுத்தார். பம்பும் ஹீட்டரும் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. உப்பு மட்டும்தான் புதிது. சமையல் உப்பு ஆகாதாம். கடல்நீர் கலக்கவென்றே விற்கிற உப்பு, ஒரு வாளி.

"ஊர்ல எல்லாரும் மீன் செத்தப்புறம் உப்புல போடுவாங்க. இந்த வீட்டுலதான் உயிரோட போடறாங்க" என்றார் கணவர்.

"மச்சான், நீங்க போய் பஸ்ஸை ஓட்டுங்க. தண்ணிய நாங்க ஓட்டிக்கறோம்" என்றான் தம்பி.

அவன் எதிர்ப்பேச்சுப் பேசி எத்தனை நாளாயிற்று! அக்கா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கற்களை வாங்க அவனும் கணவரும்தான் போனார்கள். அக்காவுக்கு அன்று பகல் வேலை. கடைக்காரர் சொன்னதை வந்து அவன்தான் அவளுக்குச் சொன்னான்: "இந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் இருக்குக்கா. மீனோட கழிவை அதுதான் தின்னு தீக்குது. அது பெருகற வரைக்கும் மீன் விடக் கூடாது."

ஒரு மாதம் வெறும் தண்ணீரையும் கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே ஒரு மீன் வந்தது. ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓயாமல் அலைந்ததால் கணவர் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தார்.

தீனி கடுகளவு உருண்டைகள். தம்பி முதலில் இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே கரண்டியைப் பிடித்துப் போட்டான். பத்து நாளில் கரண்டி போயிற்று. வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப் போய்த் தொட்டன. அவன் நெற்றியெல்லாம் வியர்வை. உருண்டை தண்ணீரில் விழுந்தது. பயிற்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இனி எனக்கு இங்க வேலையில்ல போலிருக்கே" என்றாள். போகும்போது வாசலில் அக்காவிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: "தோல் இன்னும் புதுசு. கீறல் விழுந்து கிருமி ஏறாம பாத்துக்குங்க."

அந்தச் சொல் அவளுக்குள் இறங்கியது. அந்த வாரம்தான் கற்களின் மேல் பழுப்பாக வழவழவென்று ஏதோ படர்ந்தது. தம்பி அந்தத் தண்ணீரில்தான் விரலை நனைக்கிறான். கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றால் அவள் வேலையில் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. இருபது வருடமாக அதைக் கொல்லத்தான் சம்பளம்.

கணவர் தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்துப்போன நேரம். அவள் மீனை வாளிக்கு மாற்றினாள். கற்களையும், பம்பில் அழுக்கை வடிகட்டும் பஞ்சையும், அடியில் பரப்பியிருந்த மணலையும் வெந்நீரில் போட்டு, பிளீச்சிங் பவுடரால் தேய்த்து, மூன்று முறை அலசினாள். மிச்சமிருந்த உப்பு முழுவதையும் கரைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பினாள். தொட்டி அறுவை அறைபோல் பளிச்சென்று ஆயிற்று. அவன் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் வந்தான். வெகுநேரம் பார்த்தான்.

"கல்லு ஏன் வெள்ளையா இருக்கு?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்த்துக் குரல் தேய்ந்தது.

கணவர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

"கல்லு, மணல், பஞ்சு... எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப அந்த உயிரெல்லாம் போச்சு. கழிவு தண்ணியிலேயே தங்கி விஷமாயிடும், தினமும் பாதித் தண்ணி மாத்தணுமே. உப்பு இருக்கா?"

"தீந்துபோச்சு."

"நான் மக வீட்டுல இருக்கேன். புதன்கிழமைதான் கடை தொறப்பேன். சமையல் உப்பை மட்டும் போட்றாதீங்க. தீனியும் போடாதீங்க."

அந்த உப்பு வேறு கடையில் கிடைக்கவில்லை. கணவர் பஸ்ஸை நிறுத்திய இடமெல்லாம் விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் அலைச்சலை நிறுத்தியது. திங்கட்கிழமை பம்பின் வாயருகே, தண்ணீரின் மேல்மட்டத்தில், செவுள்கள் படபடக்கத் தொங்கியது. தம்பி விரல்களுக்கு நடுவே ஓர் உருண்டையைப் பிடித்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தான். போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுடா. எங்க போகணும் சொல்லு, போறேன்."

"ஒண்ணும் செய்யாதக்கா."

"திட்டவாவது திட்டேன்."

"எதுக்கு? எனக்காகத்தானே செஞ்ச."

அவன் கையை ஓங்கியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். பக்கத்தில் உட்கார்ந்தாள். சுத்தமான தண்ணீரில் மீன் மூச்சுக்குத் திணறுவது ஒன்றுவிடாமல் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அது செத்துக் கிடந்தது. கணவர்தான் எடுத்தார். அன்றைக்கு அவர் எந்த வேடிக்கையும் பேசவில்லை. புதன்கிழமை கடைக்காரர் உப்பும் பழுப்புக் கல் ஒன்றும் கொண்டுவந்து, காசு வேண்டாம், மறுபடி ஆரம்பிக்கலாம், ஒரு மாதம்தானே என்றார். தம்பி நன்றி சொல்லி, வேண்டாம் என்றான்.

பயிற்சிப் பெண் மேலும் ஒரு வருடம் வந்தாள். வலதுகையின் அந்த இரண்டு விரல்கள் மட்டும் அன்றைக்கு இருந்த அளவிலேயே நின்றன. மற்ற எட்டும் நீளவே இல்லை. தம்பி இப்போது ஒரு கிடங்கு வாசலில் லாரிகளின் எண்ணைப் பார்த்துக் கதவு திறந்துவிடுகிறான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவர் ஓய்வு பெற்றார். கடைக்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். அக்கா இன்னும் அதே மருத்துவமனையில், அதே அறைகளைத்தான் துடைக்கிறாள்.