செற்றிக்குக் கட்டிய நங்கூரக் கயிறு

அடைக்கலநாதன் எங்கள் வீட்டுச் செற்றியை, மெத்தை போட்ட நீள இருக்கையை, திருத்தித் தந்து ஒன்பதாம் நாள் அது மறுபடியும் குழி விழுந்தது. கூலியாக ஒரு போத்தில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு போனவன். தொண்ணூற்றிரண்டில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் மண்ணெண்ணெய் கிடைத்த அழகு தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

எனக்கென்றால் நிலமே போதும். என் மனுசி லூர்த்தம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவள்; வெறும் பலகைக் கதிரையில் கனநேரம் இருக்க அவளுக்கு ஏலாது. அந்தக் குழிக்குள் இருந்தால் அவளால் தானாக எழும்ப முடியாது. நான் ஒரு கையும் பக்கத்து வீட்டுப் பெர்னடெட் ஒரு கையும் பிடித்துத் தூக்க வேண்டும். ஒதுங்கப் போவதற்கெல்லாம் தூக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டுப் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அடைக்கலநாதனைக் கையோடு கூட்டிவந்து, அவன் கண்முன்னாலேயே செற்றியைக் கவிழ்த்து அடிச்சீலையைக் கிழித்தேன். உள்ளே சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பின்னியிருந்தது. பாதி அறுந்து தொங்கியது.

"புது வார் எண்டியே, உதுவே?"

"நீக்கிலாண்ணை, ஆமிக்காரன் ஒரு சாமானும் உள்ளுக்கு விடுறானில்லை. என்ரை நரம்பை உருவியே கட்டுறது?"

"உக்கின ரியூப்பைப் புதுசெண்டு சொல்ல ஆமியே சொல்லித் தந்தவன்?"

"அக்காவும் கொஞ்சம் பாரமான ஆள்தானே."

கதிரையில் இருந்த லூர்த்தம்மா விடவில்லை. "பாரம் தெரிஞ்சுதானேடா எண்ணெயை வாங்கினனீ?"

அவன் போய்விட்டான். இனி ஒருத்தனையும் நம்புவதில்லை என்று முகட்டிலிருந்து என் நங்கூரக் கயிற்றை இறக்கினேன். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக்கூடாதென்று அரசாங்கம் தடுத்து இரண்டு வருடம். வள்ளம் கரையில் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. மிஞ்சியது இந்தக் கயிறு ஒன்றுதான்.

"அதை வெட்டாதையுங்கோ," என்றாள் லூர்த்தம்மா. "கடல் திறந்தால் என்ன செய்வியள்?"

"திறப்பாங்கள் எண்டு ஆர் சொன்னது? ரண்டு வருசமா உதைத்தானே சொல்லுறாங்கள்."

வாய் அப்படிச் சொன்னது. கத்தியை வைத்த கை அழுத்தவில்லை.

வெட்டாமலே பின்னினேன். முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்குமாக ஓட்டி, பிறகு குறுக்கே மேலும் கீழுமாக விட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் சட்டத்தில் காலை உதைத்து இழுத்தேன். புதுக் கயிறு என்றால் தொய்யும். இது பதினாலு வருடம் வள்ளத்தைப் பிடித்து நின்றது, இழுபடுவதெல்லாம் இழுபட்டு முடிந்த கயிறு. மிச்சத்தைச் சுருட்டி அடியில் கட்டினேன். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோனது.

மெத்தையைப் போட்டு அவளை இருத்தினேன். சற்று நேரம் இருந்தாள். அவள் எழும்ப உன்னியதும் தூக்கிவிடப் பெர்னடெட் ஓடிவந்தாள். "கிட்ட வராதை," என்று நான் அதட்டினேன். லூர்த்தம்மா கைப்பிடியை ஊன்றினாள், முனகினாள், எழும்பி நின்றாள். தானாக நடந்துபோய் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"கடல் திறந்தால் கயித்தை அவிழ்ப்பியளோ?"

"ஓம், அவிழ்ப்பன்."

"அப்ப நான் எங்கை இருக்கிறது?"

"அண்டைக்கு அடைக்கலநாதன்ரை நரம்பை உருவிக் கட்டுவன்!"